வண்டியை யார் பார்த்துக்கொள்வது

நேற்றுக் காலை ஏரவாடா சௌக்கில் டிராஃபிக் போலீஸ் என் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். புகை டெஸ்ட் பேப்பர் கேட்டார். எடுத்துக் கொடுக்கலாம் என்று நீ உட்காரும் சீட்டுக்கு எதிரே இருக்கிற டப்பாவைத் திறந்தேன். பேப்பர்களுக்கு மேலே உன் கண்ணாடி மல்லாந்து கிடந்தது. வெயில் நேராக அதில் விழுந்து, அங்கிருந்து அவர் முகத்தில் பளீரென்று அடித்தது. அவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, "அரே, க்யா ஹை யே?" என்றார், என்ன இது என்று. முகம் பார்க்கிற கண்ணாடி என்றேன். என் மூன்று நாள் தாடியை ஒருமுறை பார்த்தார். பார்க்கிற ஆள் மாதிரி தெரியவில்லையே என்று மராத்தியில் சொல்லிவிட்டு, பேப்பரைக்கூட வாங்காமல் போகச் சொன்னார்.

நீ இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே லோனாவளா வரைக்கும் சிரித்திருப்பாய்.

அந்தக் கண்ணாடியைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும். உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பேச வரும், திட்ட ரொம்ப நன்றாக வரும், ஆனால் ஓர் எழுத்து தெரியாது. எங்கள் அம்மா காலண்டர் தாளைக் கிழித்துக் கொடுத்து எனக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்த நாளெல்லாம் நீ மொட்டை மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தாய். "உன் தமிழ வெச்சிகினு பூனாவுல இன்னாடா பண்ணப்போற?" என்று கேட்டவன் நீ. இதோ, உனக்கு எழுதுகிறேன். நீ படிக்க மாட்டாய் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள். நேரில் இதில் பாதிகூட என் வாயில் வந்திருக்காது.

பச்சை பிளாஸ்டிக் விளிம்பு போட்ட, உள்ளங்கை அகலத்துக்கு வட்டமான ஷேவிங் கண்ணாடி அது. பின்னால் இருந்த கம்பி ஸ்டாண்ட் எப்போதோ உடைந்துவிட்டது. குகைக்குள் இருட்டில் இருக்கிற சிற்பத்துக்கு டார்ச் அடிப்பது உனக்குப் பிடிக்காது. "டார்ச் அடிச்சா திருடன் மாதிரி இருக்கு. வெயிலையே உள்ள கூட்டிகினு போவணும்" என்று சொல்லி வாசலில் நின்று கண்ணாடியைப் பிடிப்பாய் என்று, நாம் குகை காட்டக் கூட்டிப்போகிற பார்ட்டிகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இறங்கி வந்து வண்டியில் ஏறும்போது அதைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் பின்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருப்பேன்.

பதினோரு வருஷம் நாம் இரண்டு பேரும் ஒரே வண்டியில் போனோம். காலை ஆறு மணிக்குப் பார்ட்டியை அவர்கள் வாசலிலேயே ஏற்றிக்கொண்டு, பழைய ஹைவேயில் போய், ஒரே நாளில் மூன்று மலை, மூன்று குகை. முதலில் பேட்ஸே, மதியம் கார்லா, சாயங்காலம் பாஜா. ஏன் இந்த வரிசை என்று கேட்காத பார்ட்டி கிடையாது. பேட்ஸே கிழக்கே பார்த்திருக்கிறது, காலை வெயில் உள்ளே வரும். மற்ற இரண்டும் மேற்கே பார்த்திருக்கின்றன, சாயங்கால வெயில் உள்ளே வரும். "சூரியன் போற டைம்டேபிள்தான் நம்ம டைம்டேபிள்" என்பாய். அவசரக்காரப் பார்ட்டி யாராவது, ஹைவேக்குப் பக்கத்திலிருக்கிற கார்லாவையே முதலில் பார்த்துவிடலாமே என்றால், அன்றைக்கு உன் முகம் காம்ஷேத் தாண்டும்வரை உப்பிக்கொண்டிருக்கும்.

நீ சொல்வாய், நான் ஓட்டுவேன். மேலே போய்ச் சொல்லப் போகிறதையெல்லாம் வண்டியிலேயே பாதி சொல்லிவிடுவாய். முன்சீட்டில் உட்கார்ந்து, உடம்பை முழுக்கத் திருப்பி, பின்சீட்டுக்காரர்களைப் பார்த்தபடி கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாய். கியர் போடும்போது உன் முழங்கை என் கையில் இடிக்கும். பதினோரு வருஷம் அதே பேச்சு. எனக்கு அது தலைகீழ்ப் பாடம். ஆனால் அந்தப் பேச்சு எதைப் பற்றியதோ அதை மட்டும் நான் பார்த்ததே இல்லை.

ஏன் பார்க்கவில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாம் இரண்டு பேரும் அதை ஒரு தடவைகூட வாய்விட்டுப் பேசியதில்லை. இப்போது பேசுகிறேன்.

நாம் ஆரம்பித்த இரண்டாவது வருஷம். மும்பையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அதுவரைக்கும் டயரில் காற்று, தூக்கம் என்று ஏதாவது சொல்லி நான் கீழேயே தங்கிவிடுவேன். அன்றைக்கு நீதான் இழுத்தாய். "எத்தன தடவ தான் பார்க்கிங்கையே பாத்துகினு இருப்ப? ஒரு தடவ மேல வாடா" என்றாய். நான் வண்டியைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, உங்களோடு பாஜா படியில் ஏறினேன். மூன்றாவது படியில் இருக்கும்போது அந்தக் குடும்பத்துப் பெரியவர் திரும்பினார். என்னைப் பார்க்காமல் உன்னிடம் இந்தியில் சொன்னார். டிரைவர் எதற்கு மேலே, அவன் வண்டிகிட்டவே இருக்கட்டும், எங்கள் சாமான் உள்ளே இருக்கிறது.

நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாய். இவன் என் ஃபிரண்ட் என்று சொல்லியிருந்தால் போதும். நீ குனிந்து ஷூ லேஸ் கட்ட ஆரம்பித்தாய். உன் ஷூவுக்கு லேஸ் கிடையாதுடா. அது ஒட்டுகிற பட்டி. ஸ்கூட்டரில் விழுந்து முட்டியில் ராடு வைத்த பிறகு உனக்குக் கால் மடங்காது, குனிய முடியாது என்று உன் வீட்டுக்காரி செல்வி நாலு கடை ஏறி இறங்கி வாங்கிய ஷூ. குனிய முடியாதவன் அன்றைக்குக் குனிந்தாய். நான் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அதற்கு அடுத்த டிரிப்பில், ஒன்றுமே நடக்காத மாதிரி, "வாடா மேல" என்றாய். "காடிய யாரு பாத்துக்குவாங்க?" என்று வண்டியைக் காட்டிக் கேட்டேன் நான். உன் முகம் ஒரு மாதிரி ஆனது. நான் அதைப் பார்த்தேன், எனக்கு அது பிடித்திருந்தது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டுவிட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு டிரிப்பிலும் நீ அதையே கேட்டாய், நான் அதையே சொன்னேன். மழை நாளில் பார்க்கிங்கில் என் வண்டி ஒன்றுதான் நிற்கும், பக்கத்தில் ஓர் எருமை நிற்கும். அப்போதும் காடிய யாரு பாத்துக்குவாங்க. "எருமை பாத்துக்கும், வாடா" என்று ஒரு நாள் சொன்னாய். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கோபம் என்று சொன்னால் முழுக் கோபமும் இல்லை. தீபாவளிக்கு உன் வீட்டில்தான் சாப்பிட்டேன். உன் ஸ்கூட்டரை நான்தான் ரிப்பேருக்குக் கொண்டுபோனேன். உன்னைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் சட்டையைப் பிடித்திருப்பேன். அந்த மலை ஒன்றை மட்டும் உனக்குத் தர மாட்டேன் என்று இருந்தேன்.

அந்த அடுத்த டிரிப்பில்தான் இன்னொன்றும் ஆரம்பித்தது. பாஜாவில் சாயங்காலம் நாலரை மணி இருக்கும். சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தேன். வண்டிக்குள் கூரையில் ஒரு வெளிச்ச வட்டம் அங்கும் இங்கும் ஓடியது. எழுந்து பார்த்தால் மலையில் எங்கேயோ மினுக்கென்று ஒரு புள்ளி. இறங்கி வந்ததும் நீயே சொன்னாய்.

"எறங்கறதுக்கு முன்னாடி கண்ணாடி அடிக்கறேன். பாத்துட்டன்னா ஹெட்லைட்ட ஒரு தடவ போடு, எனக்குத் தெரியணும். அப்பறம் டீ சொல்லி வெச்சிடு."

"எங்கருந்து அடிச்ச?"

"குகை வாசல்லருந்துதான். அங்க நின்னா நேரா தெரியுது காடி."

டீ சொல்லி வைப்பேன். மலையைப் பார்த்து நிற்கிற வண்டியை ரோட்டுப் பக்கம் திருப்பி நிறுத்துவேன். ஹெட்லைட்டை மட்டும் போட மாட்டேன். பகலில் விளக்குப் போட்டால் பாட்டரி வீண் என்று ஒரு தடவை சொன்னேன். ஆனால் அந்தப் புள்ளி ரொம்ப நேரம் மினுக்கிக்கொண்டே இருக்கும். நான் வண்டியைத் திருப்புவதைப் பார்த்த பிறகுதான் நிற்கும். சில வருஷத்தில் மேலே போன் டவர் கிடைக்க ஆரம்பித்தது. போன் பண்ணேன்டா என்றால், "கண்ணாடிக்கு சார்ஜ் போட வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாய்.

இந்த மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். மூன்று நாள் வீட்டில் காய்ச்சல், மூன்று நாள் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். இரண்டாவது நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூக்கில் குழாய். அதோடேயே என்னைப் பார்த்து, "சீசன் ஆரம்பிச்சதும் இந்தத் தடவையாவது மேல வாடா" என்றாய். என் வாய், என் பாழாய்ப்போன வாய், பழக்கத்தில் சொல்லிவிட்டது. "காடிய யாரு பாத்துக்குவாங்க?" விளையாட்டாகத்தான் சொன்னேன். நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். அது தூக்கமா, இல்லை என்னோடு முடிந்துவிட்டது என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நீ என்னிடம் பேசவில்லை, யாரிடமும் பேசவில்லை. நாலு மாதம் அந்தக் கேள்வியோடுதான் எழுந்தேன், அதோடுதான் படுத்தேன்.

தீபாவளி கழிந்த வாரம் செல்வி உன் போனைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். கராடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற நித்யா என்கிற பெண் ஜூனிலேயே உன்னிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் அப்பா திண்டுக்கல்லிலிருந்து வருகிறார், இந்தி தெரியாது, தமிழில் சொல்கிற ஆள்தான் வேண்டும். நீயும் சரி என்றிருக்கிறாய்.

"வேணாம்னு சொல்லிடவாண்ணா?" என்றாள் செல்வி.

"இரும்மா. நான் கூட்டிகினு போறேன்."

"நீயா? உனக்கு இன்னா தெரியும் அதப்பத்தி?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எல்லாம் தெரியும்" என்றேன்.

நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை. நித்யாவின் அப்பா கட்டட மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான ஆள், கையெல்லாம் காய்ப்பு. முன்சீட்டில் உட்காரப் போனார். ஐயா, பின்னால் வசதியாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அந்த சீட்டில் யாரையும் உட்கார வைக்க மனசு வரவில்லை. காற்றுதான் உட்கார்ந்து வந்தது.

பேட்ஸேவில் ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது. நொண்டிக்கொண்டு நீ எப்படி ஏறினாய் என்று யோசித்தேன். பார்ட்டி களைத்துப் போகிறார்களே என்று நீ நின்று நின்று ஏறுவதாகச் சொல்வாயே, அந்தத் தந்திரம் எனக்கும் உதவியது. மேலே இரண்டு பாறைக்கு நடுவே சந்து மாதிரி ஒரு வழி. அதற்குள் நுழைந்து நிமிர்ந்தால் வானம் வரைக்கும் தூண்கள், தூண் தலையில் குதிரையும் யானையும், அவற்றின் மேல் ஆணும் பெண்ணும் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார்கள். காலை வெயில் அவர்கள் முட்டியில் விழுந்திருந்தது. பேச வேண்டிய ஆள் நான். ஒரு வார்த்தை வரவில்லை.

உன் பேச்சு எனக்கு ரோட்டோடு சேர்ந்துதான் மனப்பாடம் ஆகியிருக்கிறது. வியாபாரிகளின் கதை தேஹு ரோடு பாலத்தில் வரும். பிக்குகள் மழைக்காலத்தில் தங்கிய கதை டோல் கேட்டில் வரும். தூண்கள் தளேகாவ் பெட்ரோல் பங்க் கிட்ட. ரோடு இல்லாமல் பேச்சு வர மறுக்கிறது. கண்ணை மூடி பெட்ரோல் பங்க்கை மனசில் கொண்டுவந்தேன். அப்புறம்தான் நாக்கு புரண்டது. நித்யா நான் தியானம் பண்ணுகிறேன் என்று நினைத்து அமைதியாக நின்றிருக்கிறாள்.

கார்லாவில் இன்னொரு கூத்து. அம்மன் கோயில் கூட்டம், தேங்காய், மஞ்சள் எல்லாவற்றையும் தாண்டி குகை வாசலுக்குப் போனதும், எனக்குத் தைரியம் வந்து, "இடது பக்கம் பாருங்க, இந்த ஜோடிச் சிலையில அந்தப் பொண்ணு வளையலக் கூட விடாம செதுக்கியிருக்கான்" என்று கை நீட்டினேன். அங்கே வெறும் சுவர். "அண்ணா, அது அந்தப் பக்கம் இருக்கு" என்றாள் நித்யா. அடுத்ததும் தப்பு, அதற்கடுத்ததும் தப்பு. அப்புறம்தான் உறைத்தது. நீ முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்து சொன்ன பேச்சு அது. உன் இடது என் வலது. பதினோரு வருஷப் பாடத்தையும் நான் திருப்பிப் போட்டுத்தான் கற்றிருக்கிறேன். நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன். காரணத்தைச் சொன்னதும் அவர்களும் சிரித்தார்கள்.

"தம்பி, நீங்களும் மொத தடவையா பாக்குறீக?" என்று அப்பாதான் மெல்லக் கேட்டார்.

"ஆமாங்கய்யா."

"தெரிஞ்சுச்சு. எங்களுக்கு முன்னாடி நீங்க வாயப் பொளந்துட்டீகளே."

அவர் கேட்ட கேள்வி உன் பேச்சில் எங்கேயும் இல்லை. இவ்வளவு மலையைக் குடைந்தார்களே, வெட்டின கல்லையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்று கேட்டார். மேஸ்திரி இல்லையா, கழிவு எங்கே போகும் என்பதுதான் அவர் கவலை. "தெரியலன்னா பேசாத, கல்லைத் தொட்டுக் காட்டு" என்று நீ சொல்வாய். நான் தூணைத் தொட்டுக் காட்டினேன். அவரும் தொட்டார். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.

பாஜாவுக்குப் போகும்போது மணி மூன்றரை. அதே பார்க்கிங், அதே இடம். படிக்குப் பக்கத்தில் நித்யாவின் அப்பா நின்று, "வண்டியில பையெல்லாம் இருக்கே, ஆள் வேணாமா?" என்றார். என்னைக் குத்திக்காட்ட நீ சொல்லி அனுப்பிய மாதிரி இருந்தது.

"பூட்டியாச்சுங்கய்யா. பூட்டு போதும்."

பதினோரு வருஷமும் அந்த வண்டிக்கு வேண்டியிருந்தது ஒரு பூட்டுதான். முதல் படி, இரண்டாவது படி, மூன்றாவது படி. அங்கே கொஞ்சம் நின்றேன். பிறகு ஏறிவிட்டேன்.

மேலே அந்தப் பெரிய வளைவுக்குள் வெயில் பாதி தூரம் போயிருந்தது. கண்ணாடியை எடுத்து, நீ செய்ததாகக் கேட்டதையெல்லாம் செய்தேன். வட்டம் மேலே போய் மரச் சட்டங்களில் விழுந்தது. கல் கூரையில் இத்தனை காலமாக அப்படியே இருக்கிற மரம். பெரியவர் கூரையை விட்டுத் தூண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாத் தூணும் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. "மரத்துல கட்டிப் பழகுன கை. மரக்கால் சாய்ச்சு நட்டாத்தான் நிக்கும். கல்லுக்கு அது வேண்டாம். ஆனாலும் பழக்கம் விடல பாருங்க" என்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் என் வாய் பழக்கத்தில் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது.

நாலரை ஆனதும் குகை வாசலுக்கு வந்தேன். அங்கே நின்றால் நேராக வண்டி தெரியும் என்று நீ சொன்ன இடம். நின்று பார்த்தேன். தெரியவில்லை. இடது ஓரம் போனேன், வலது ஓரம் போனேன். கீழே மரங்கள், மலையின் ஒரு தோள், அதற்கப்பால் வயல். பார்க்கிங்கே தெரியவில்லை. உன் இடது வலதுக் குழப்பம்தானோ என்று திரும்பி நின்றுகூடப் பார்த்தேன்.

காக்கிச் சட்டை போட்ட வாட்ச்மேன் என்னையும் கண்ணாடியையும் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்து, அந்தக் கால் சரியில்லாத சாஹேப் வரவில்லையா என்று மராத்தியில் கேட்டார். சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, இங்கிருந்து பார்க்கிங் தெரியாது, எப்போதுமே தெரிந்ததில்லை என்றார். அந்தக் கடைசிக் குகையையும் தாண்டி ஒரு பாறை விளிம்பு இருக்கிறது, பார்ட்டியைக் கடைசிக் குகையில் உட்கார வைத்துவிட்டு அவர் மட்டும் அங்கே போவார், கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மழையில்லாத நாளெல்லாம் போவார் என்றார்.

"நான் கேட்டேன், இந்தக் காலோடு எதற்கு இந்த வேலை, போன் பண்ணக்கூடாதா என்று. அவர் சொன்னார், போன் பண்ணினால் எடுப்பான், மேலே பார்க்க மாட்டான் என்று."

நான் அந்த வழியில் நடந்தேன். வரிசையாக நிற்கிற கல் ஸ்தூபிகளைத் தாண்டி, தண்ணீர் வற்றிய அருவிப் பள்ளத்தில் இறங்கி ஏறி, கடைசிக் குகை. அதன் சுவரில் ஒரு பெண் உட்கார்ந்து தபேலா மாதிரி ஏதோ வாசிக்கிறாள், இன்னொருத்தி ஆடுகிறாள். நித்யாவையும் அவள் அப்பாவையும் அதைப் பார்த்தபடி உட்காரச் சொல்லிவிட்டு அப்பால் போனேன். சரளைக் கல், முள், ஒரு பக்கம் பள்ளம். இரண்டு நல்ல கால் இருக்கிற எனக்கே இரண்டு இடத்தில் கையை ஊன்ற வேண்டியிருந்தது. விளிம்பில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்குப் புல் தேய்ந்து மொட்டையாக இருந்தது. அங்கே நின்றதும் கீழே என் வண்டி தெரிந்தது. வெள்ளையாக, சின்னதாக, தனியாக.

கண்ணாடியைப் பிடித்தேன். வட்டம் வயலில் ஓடியது, மரத்தில் விழுந்தது, ரோட்டில் விழுந்தது. அதை வண்டிக் கூரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் என் கை வலித்துவிட்டது. சேர்ந்ததும் ஆட்டினேன். கீழே ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. விளக்கு எரியவில்லை. இத்தனை வருஷமும் நீ அங்கே நின்று பார்த்தது இதைத்தான்.

டீ சொல்வதற்காக என்று நினைத்திருந்தேனே. மூன்றாவது படியிலிருந்து நான் இறங்கிப் போனதற்கு அடுத்த டிரிப்பில் ஆரம்பித்தது என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லையே. மன்னிச்சிடுடா என்கிற வார்த்தை உனக்குத் தமிழிலும் வராது, இந்தியிலும் வராது, மராத்தியிலும் வராது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு தடவையும் இத்தனை தூரம் நொண்டி வந்திருக்கிறாய். நான் பாட்டரி வீண் என்றேன். அழுதேன்டா. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே அழுதேன். திரும்பி வந்தபோது நித்யா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பெரியவர் என் தோளில் கை வைத்து எழுந்தார்.

ஆஸ்பத்திரியில் நீ ஏன் கண்ணை மூடினாய் என்று எனக்கு இன்னும் தெரியாது. அது தெரியப்போவதும் இல்லை. ஆனால் நீ ஒரு தடவை பதில் வராவிட்டால் முடித்துக்கொள்கிற ஆளா, இல்லையா என்பது அந்த மொட்டைப் பாறையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அதைக் கொண்டுதான் இப்போது காலையில் எழுந்திருக்கிறேன்.

கண்ணாடி இனி அந்த டப்பாவில்தான் இருக்கும். யார் கேட்டாலும் டிரிப்புக்கு நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பேச்சையும் இடது வலது மாற்றித் திருத்திக்கொண்டு வருகிறேன். பெட்ரோல் பங்க் இன்னும் தேவைப்படுகிறது.

அன்றைக்குக் கீழே இறங்கியதும், நாம் மாவ்ஷி என்று கூப்பிடுகிற டீக்கடைக்காரம்மா, கண்ணாடி வெளிச்சம் வரவில்லையே, அதனால் டீ போடவில்லை என்றாள். அவளும் அத்தனை வருஷமாக அதைப் பார்த்துத்தான் அடுப்பு பற்ற வைத்திருக்கிறாள். வந்தது, நீ பார்க்கவில்லை என்றேன். மூன்று டீ சொன்னேன். அவர்கள் இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் போய் வண்டியில் ஏறினேன். வண்டி இன்னும் மலையைப் பார்த்துத்தான் நின்றுகொண்டிருந்தது. சாவியைத் திருப்பி ஹெட்லைட்டைப் போட்டேன். பிறகு இறங்கி வந்து டீயை எடுத்துக்கொண்டேன்.

"தாதா, லைட் சாலூ ஆஹே" என்றாள் மாவ்ஷி. விளக்கு எரிகிறதே என்று.

"அசூ தே, மாவ்ஷி" என்றேன். இருக்கட்டும்.

டீயை மெதுவாகத்தான் குடித்தேன். பாட்டரி போனால் போகட்டும்.